சாமான் நிரலில் நான்கு பேர்

அன்று, கண்டிக்குக் கிழக்கே கெங்கல்ல ஊர் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டுக்காரன் மகேந்திரராசா, அணை கட்டும் வெளிநாட்டுக் கொம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளன், வயது முப்பத்துநான்கு. அவன் மனைவி பத்மாதேவி, காலஞ்சென்ற என் தம்பியின் மகள், நான் வளர்த்து என் கையால் தாரைவார்த்துக் கொடுத்த பிள்ளை. மகேந்திரராசாவின் தாய் இராசமணி. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்லச்சாமி, பத்து மணிக்குப் பின் வந்து சேர்ந்தவர். நான், நவரட்ணராஜா, கண்டிக் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துப் பிரதம லிகிதராக ஓய்வு பெற்று அவர்களோடு தங்கியிருந்தவன். வாசற் படலையில் நின்றவர்கள் இருவர்: கொம்பனிச் சாரதி பளீல், வெள்ளைக்கார எஞ்சினியர் கார்வர். பிறகு வந்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. அவர்களில் எனக்குப் பெயர் தெரிந்தவன் முதியான்சே ஒருவன். வேறு யாரும் இருக்கவில்லை.

நாள், ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்துமூன்று யூலை இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை.

யூலையில் கண்டி நகரத்தில் தூறிக்கொண்டிருக்கும். ஏழெட்டு மைல் கிழக்கே இறங்கினால் தும்பறைப் பள்ளத்தாக்கில் மழை இல்லை, காற்றுத்தான். அந்த வருடம் காற்றோடு சீமெந்துத் தூளும் வந்தது. தெல்தெனியவுக்குக் கீழே மகாவலி ஆற்றைக் குறுக்கே மறித்து அணை எழும்பிக்கொண்டிருந்தது. இரவு பகலாக லொறிகள் போகும். பாறைக்கு வெடி வைத்தால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். அணை முடிந்தால் தெல்தெனியப் பழைய பட்டினமும் அதைச் சுற்றிய வயல்களும் புகையிலைத் தோட்டங்களும் நீருக்குள் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டுப் படி வரைக்கும் நீர் வரும் என்று மரங்களில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைப் போட்டவர்கள் வெளிநாட்டார். அதற்குக் கீழே இருந்தவர்களுக்குக் கடிதம் அனுப்பியது நம் அரசாங்கம்.

முதல் நாளே கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த செய்தி வந்துவிட்டது. செவ்வாய்க் காலையில் கண்டிப் பக்கத்து வானத்தில் புகை தெரிந்தது. இராசமணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். மகேந்திரராசா வேலைக்குப் போக வெளிக்கிட்டு, சப்பாத்தைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"இண்டைக்குப் போகாத தம்பி," என்றார் இராசமணி.

"போகாட்டில் சீமெந்தை ஆர் குடுக்கிறது அம்மா? கொங்கிறீற் பாதியில நிண்டால் வெள்ளையன் என்னையல்லோ தின்னுவான்."

"அவன் தின்னமாட்டான். சந்தியில நிக்கிறவங்கள்தான் தின்னுவாங்கள்," என்றாள் பத்மாதேவி. அவள் சம்பலைக் கிண்ணத்தில் வழித்துப் போட்ட வேகத்தில் பாதி கீழே சிந்தியது.

நான் சொன்னேன்: "ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம். பொலிசுக்கு எழுத்தில குடுத்திட்டு வாறன். எழுத்தில குடுத்தால் அவங்கள் வந்துதான் ஆகவேணும்."

எழுத்தில் கொடுப்பது என் தொழில். சிங்களம் ஆட்சிமொழியானதும் என்னோடு வேலை பார்த்த தமிழர் பலர் அதைப் படிக்க மாட்டோம் என்று வீட்டுக்குப் போனபோது, நான் படித்துச் சோதனை எழுதி முதல் தரத்தில் தேறினேன். சிலர் என்னைத் தூற்றினார்கள். இந்த நாட்டின் சட்டம் எனக்கும் உரியது என்றால் அதன் பாஷையும் என் கையில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்று மூன்று பிரதிகளில் முறைப்பாடு எழுதினேன். வீட்டிலிருக்கும் பிரசைகளின் பெயர், வயது, தேசிய அடையாள அட்டை இலக்கம், ஆபத்தின் தன்மை, வேண்டப்படும் பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தன. குடையை எடுத்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் இளைஞன். எழுந்து நின்று கதிரை காட்டினான். வாசித்து முடித்துவிட்டு, "மாத்தயாவின் சிங்களம் எங்களுடையதைவிடத் திறம்," என்றான். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. புத்தகத்தில் பதிந்து இலக்கம் தந்தான். இரண்டு மணிக்கு முன் ஜீப் வரும், குடும்பத்தைக் கண்டியில் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்போம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அவன் அப்படித்தான் நினைத்தான்.

திரும்பி வரும்போது சந்தி எரிந்துகொண்டிருந்தது. செல்லச்சாமியின் கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாவை உருட்டிவந்து வாசலில் உடைத்திருந்தார்கள். அரிசி மூட்டைகள் கருகும் மணமும் மிளகாய் எரியும் நெடியும் கண்ணைத் திறக்கவிடவில்லை. தையற்கடை வீரய்யாவைத் தெருவில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை; மிதிப்பவர்களிடமிருந்துதான் வந்தது. ஒருவன் தையல் மெசினின் சக்கரத்தைக் கழற்றி அவர் முழங்காலில் ஓங்கிப் போட்டான். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. நான் குடையை விரித்தபடி தெருவின் நடுவால் நடந்தேன். என்னை யாரும் தொடவில்லை. என் நடையைப் பார்த்துச் சிங்களக் கனவான் என்று நினைத்திருப்பார்கள். வீரய்யாவுக்காக நான் நிற்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த சற்றைக்கெல்லாம் பின்வளவு வேலியைப் பிரித்துக்கொண்டு செல்லச்சாமி வந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை தோல் உரிந்து, உரிந்த தோல் கையுறைபோலத் தொங்கியது. மார்போடு ஒரு கண்ணாடிச் சட்டத்தை அணைத்திருந்தார். கண்ணாடி வெடித்திருந்தது. உள்ளே அவருடைய பிரசாவுரிமைப் பத்திரம்.

"என்னத்துக்கு அண்ணை நெருப்புக்குள்ள கையை விட்டனீங்கள்?" என்று பத்மாதேவி அழுதாள். இராசமணி வாழைக் குருத்தை வெட்டிவந்து கைகளைச் சுற்றினார்.

"மத்தது எல்லாம் மறுபடி வாங்கிக்கலாம் தங்கச்சி. இத எவன் குடுப்பான்? பதினாறு வருசம் நடந்தேன். எங்க அப்பன் இந்தப் பேப்பரப் பாக்காமயே கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனாரு." பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, இத அவனுங்ககிட்டக் காட்டினேன். நானும் இந்த நாட்டாளுதான், கவர்மெண்டு சீல் இருக்கு பாருங்கன்னேன். ஒருத்தன் வாங்கிப் பாத்துட்டு நெருப்புல வீசுனான்."

"நீங்கள் செய்தது சரி," என்றேன். "அது உங்களுக்கு உரியது."

"உரியதுதாங்க. கைதான் போச்சு," என்று சிரிக்கப் பார்த்தார்.

மதியம் சிவப்பரிசிச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் டின்மீனும். டின்னில் ஜப்பான் எழுத்து. இறக்குமதிக்குக் கதவு திறந்துவிட்ட அரசாங்கம் வந்து ஆறு வருடத்தில் எங்கள் அடுப்படியில் பாதி வெளிநாட்டுச் சாமான். செல்லச்சாமிக்குப் பத்மாதேவி ஊட்டிவிட்டாள். ஊட்டக்கூடாத சாதி என்று என் தலைமுறையில் சொல்லியிருப்பார்கள். மகேந்திரராசா படலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஒன்று இருபதுக்குக் கொம்பனி வான் வந்தது. முன் கண்ணாடியில் கொம்பனிச் சின்னம், பொனற்றில் சிறிய வெளிநாட்டுக் கொடி. முன் ஆசனத்தில் கார்வர். பளீல் இறங்கி ஓடிவந்தான். அக்குறணை ஊர் முஸ்லிம், பதற்றத்தில் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"மகேந்திரன் தொர, எல்லாரும் வாங்க. உம்மாவையும் கூட்டிட்டு வாங்க. மெயின் ரோட்டுல ஆள் கூடி ஈக்கி. வெள்ளைக்காரத் துரை முன்னுக்கு இருந்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். திகன கொம்பனி முகாமுக்குள்ள போயிட்டா சரி."

"சோதனைச் சாவடியில ஆமி மறிச்சால்?" என்று பத்மாதேவி கேட்டாள்.

"அதுக்குத்தான் துரை இத எழுதித் தந்தாரு." ஒரு தாளை நீட்டினான்.

மகேந்திரராசா வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டான். அன்று அந்த வீட்டில் ஒரு மனிதன் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும். "மாமா, இது என்ர கேட் பாஸ் தாள். களஞ்சியத்தில இருந்து சாமான் வெளியில போகேக்க நான் எழுதிறது. இதைக் காட்டினால் ஆமி கதவைத் திறந்துகூடப் பாக்காது. எத்தினை லொறி விட்டிருப்பன்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஆங்கிலத்தில் கார்வரின் கையெழுத்து. சாமான் விபரம் என்ற நிரலில்: ஆட்கள். எண்ணிக்கை: நான்கு. உரிமையாளர்: கொம்பனி. கடைசி நிரலில், திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டியது என்பதற்கு நேரே ஒரு சரி அடையாளம்.

"என்னை ஆரெண்டு நினைச்சான் உவன்?" என்றேன். "நானும் என்ர பெறாமகளும் சீமெந்து மூட்டையோ?"

"மாமா, அவனுக்கு வேற தாள் இல்லை. நல்ல மனுசன், உதவிக்கு வந்து நிக்கிறான்."

"உதவியை நான் குறை சொல்லேல்லை. இந்த நாட்டில பிறந்தவன் இந்த நாட்டு றோட்டில நாலு மைல் போறதுக்கு வெள்ளைக்காரன்ர களஞ்சியச் சீட்டு வேணுமெண்டால், நாப்பத்தெட்டில சுதந்திரமெண்டு என்னத்துக்குக் கொடியை மாத்தினவங்கள்?"

"அதை அணையிட்டக் கேளுங்கோ," என்றான் மகேந்திரராசா. "அங்க எங்கட அமைச்சர் வந்தாலும் வெள்ளையன் குடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் உள்ளுக்கு வரலாம். நான் பாத்தனான். ஏறுங்கோ மாமா."

"சேர்," என்றான் பளீல், "கொடி ஏறினது எறங்கினது எல்லாம் பொறகு பேசுவம். மொதல்ல வண்டியில ஏறுங்க."

"ரெண்டு மணிக்குப் பொலிஸ் ஜீப் வரும். முறைப்பாட்டு இலக்கம் என்ர சட்டைப் பையில இருக்கு. அரசாங்கத்தின்ர வாகனத்தில, பேர் சொல்லி, பகலில போவம். பொதி மாதிரிப் போகமாட்டன்."

கார்வர் வானிலிருந்து இறங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சந்திப் பக்கம் மூங்கில் வெடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. கூரை ஓடுகள் வெடிக்கின்றன என்று செல்லச்சாமி சொன்னார்.

இராசமணி முதலில் நடந்தார். "அண்ணை, நீங்கள் படிச்சனீங்கள். நான் படிக்கேல்லை. எனக்கு ஆற்ற வாகனமெண்டாலும் ஒண்டுதான்," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். செல்லச்சாமி தயங்கினார். தாளில் நான்கு பேர்தானே என்றார். "என்ர இடத்தில நீங்கள் ஏறுங்கோ," என்றேன். அவர் குனிந்து என் காலைத் தொடப் பார்த்தார். கை முடியாததால் நெற்றியை என் முழங்காலில் வைத்துவிட்டுப் போனார்.

பத்மாதேவி படியில் நின்றாள். "பெரியப்பா, நீங்கள் வராட்டில் இவர் வரமாட்டார். உங்களுக்குத் தெரியும்."

"நான் அவனை மறிக்கேல்லை."

"மறிக்கேல்லை. ஏறு எண்டு சொல்லுங்கோ. உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ."

மகேந்திரராசா அவளை ஏற்றிவிட்டுத் தானும் ஒரு காலை உள்ளே வைத்தான். திரும்பி விறாந்தையைப் பார்த்தான். நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். நாங்கள் பெண் கொடுத்த வீடு அது. பெண் கொடுத்தவரைத் தனியே விட்டுவிட்டு மருமகன் ஓடினான் என்ற பேச்சு அந்தக் குடும்பத்துக்கு வரக்கூடாது என்பது அவன் எண்ணம். அது எனக்குத் தெரியும். ஏறு என்று நான் சொல்லவில்லை.

"மாமாவைத் தனிய விட ஏலாது. ஜீப்பில வாறம்," என்று காலை எடுத்தான்.

"டைம் போச்சு," என்றான் பளீல். கார்வர் எதையோ உரத்துச் சொன்னார். வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். வான் புறப்பட்டது. தெருவில் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன் முன் ஆசனத்தைப் பார்த்து நெற்றியில் கைவைத்து சலாம் போட்டதைக் கண்டேன். அந்தக் கையில் கத்தி இருந்தது.

வான் போன இடைவெளி மூடிக்கொண்டு அவர்கள் எங்கள் படலைக்கு வந்தார்கள். நான் எழுந்து முற்றத்துக்கு இறங்கி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். சட்டப் பிரிவைச் சொன்னேன். சிலர் நின்று கேட்டார்கள். பின்னாலிருந்து முதியான்சே வந்தான். சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழே வீடும் வயலும் உள்ளவன். இரண்டு வருடம் முன் அவனுடைய காணி மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மாத்தயா, எழுத்து நல்ல எழுத்து. போன தடவையும் நல்ல எழுத்துத்தான். என் வயல் எந்தச் சட்டத்தில் போனது?"

"அதற்கு மகேந்திரன் என்ன செய்தான்? நீ அணைக்காரனிடம் அல்லவா கேட்க வேண்டும்?"

"அவன் மேல் ஒரு கல் விழுந்தால் நாளைக்கு ஆமி என் ஊரையே கொளுத்தும். இவன் மேல் விழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தள்ளி நில்லுங்கள்."

நான் தள்ளி நிற்கவில்லை. மண்வெட்டிப் பிடியால் ஒருவன் என் வலது கையில் அடித்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து கை மடிந்தது. தாள் விழுந்தது. மகேந்திரராசா விறாந்தையிலிருந்து ஓடிவந்து என்னைப் பிடிக்கக் குனிந்தான். குனிந்த பிடரியில்தான் முதல் அடி விழுந்தது. அவன் ஓடவில்லை. விழுந்தபின் காலைப் பிடித்து முற்றத்தின் நடுவுக்கு இழுத்தார்கள். இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தலையை மறைத்த கைகளை முதலில் உடைத்தார்கள். "மாமா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை அடி வாயில் விழுந்தது. அதன் பின்னும் வெகுநேரம் அடித்தார்கள். அடிப்பவர்கள் மாறிக்கொண்டார்கள், நெல் குத்துவதுபோல. ஒருவன் ஒதுங்கிப்போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பிவந்து அடித்தான். பிறகு யன்னல் சீலையில் நெருப்பு வைத்தார்கள்.

முதியான்சே என்னைத் தோளில் பிடித்து இழுத்துச் சென்று பலாமரத்தடியில் சாய்த்தான். நெருப்பு அங்கே வராது என்றான். அதைக் கருணை என்று நான் எழுதமாட்டேன்.

மூன்று நாற்பதுக்கு ஜீப் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் முற்றத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். எங்கே இருந்தாய் என்று கேட்டேன். "திகன முகாம் வாசலில், மாத்தயா. மேலிடத்து உத்தரவு. உள்ள ஆட்களையும் வாகனங்களையும் அங்கே போடச் சொன்னார்கள். ஒரு வெளிநாட்டுக்காரனுக்குக் கீறல் விழுந்தாலும் அணை நின்றுவிடுமாம்." அவன் குரல் தாழ்ந்தது. "உங்கள் வீட்டுப் பெண்களை வானில் கண்டேன். நான்தான் தடையைத் தூக்கிவிட்டேன்."

நானும் அவனும் ஒரு பொலிஸ்காரனுமாக மகேந்திரராசாவை ஜீப்பில் ஏற்றினோம். எனக்கு இடது கைதான் இருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுத்தார்கள். இனந்தெரியாதோர் என்று எழுதியிருந்ததால் கையெழுத்து வைக்க மறுத்தேன். முதியான்சேயின் பெயரை எழுதிய பின், இடது கையால் வைத்தேன். அந்த வழக்கு ஒருநாளும் கூப்பிடப்படவில்லை. எண்பத்தைந்தில் அவன் வயலுக்கு மேல் நீர் ஏறியது. அணையைத் திறக்க வந்த வெளிநாட்டு விருந்தினருக்கு வழி நெடுகக் கொடி கட்டியிருந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். நான் அப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், பதுங்குகுழி வெட்டிய வளவில், பென்சன் கடிதங்களுக்கு இடது கையால் பதில் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன்.

பத்மாதேவிக்குக் கார்வர் கடிதம் கொடுத்து வெளிநாடு போக வழி செய்தார். இப்போது அவள் கனடாக் குடியுரிமை பெற்றவள். இராசமணி அங்கேதான் காலமானார். செல்லச்சாமி நாவலப்பிட்டியில் மறுபடி கடை போட்டார் என்று கேள்வி. பத்மாதேவி என்னோடு பேசுவதில் குறை வைத்ததில்லை. வருடப் பிறப்புக்கு எழுதுவாள். கை எப்படி என்று கேட்பாள். யூலை மாதத்தில் மட்டும் அவளிடமிருந்து எதுவும் வராது.

அண்மையில் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மகேந்திரராசாவின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும் என்றார். கொம்பனி வானில் நான்கு பேருக்குத்தான் அனுமதி, இடம் போதவில்லை, வயதான மாமாவை விட்டுவிட்டு ஏற மனமில்லாமல் அவன் கீழே நின்றான், மாமா எவ்வளவோ மன்றாடியும் கேட்கவில்லை என்று சொல்கிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டேன். பத்மாதேவி சொன்னாள் என்றார்.

அது சரியல்ல. வான் இருபது நிமிடம் நின்றது. அதில் மூன்று பேர் ஏறினார்கள். நாலாவது இடம் வெறுமையாகப் போனது. நான் மன்றாடவில்லை.